கீழே விழுந்த பழம்

"கட்" என்றார் டைரக்டர் தேவசிகாமணி. "ஏம்மா சௌமியா, மறுபடியும் எதுக்குக் குனியறே?"

காப்பிச் செடிகளுக்கு நடுவே, பொறுக்கிய பழங்களோடு நிமிர்ந்தாள் கதாநாயகி சௌமியா.

"பழத்தை ஹீரோ மேல எறியணும். சிரிக்கணும். அவர் போறதைப் பார்த்துட்டு நிக்கணும். அவ்வளவுதான் உன் வேலை."

"சரிங்க சார்."

அடுத்த தடவையும் எறிந்தாள், சிரித்தாள். இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

கூட்டக் காட்சியில் நிற்பதற்காக எஸ்டேட்டிலிருந்து வந்திருந்த பெண்களிடையே சிரிப்பு எழுந்தது.

"அமுதவல்லியக்கா, அச்சா உன்னையாட்டமே குனியறா பாரு" என்றாள் பானு.

அமுதவல்லிக்கு முகம் சுண்டிப்போனது. நாலைந்து நாளாக விடியலில் வந்து தன்கூடவே பழம் பறித்தவள்தான் இந்தச் சௌமியா. கீழே சிந்தியதை விட்டு அவள் நகர்ந்தபோது, "உழுந்தது கெடந்தா பூச்சி புடிக்கும், பொறுக்கு கண்ணு" என்று தான் அதட்டியது உண்மைதான். அதற்காக, வலிக்கிற இடுப்பை இப்படி ஊரே பார்க்கக் கேலி செய்வதா?

"நொம்பத் திமிருடி இவளுக்கு" என்று முணுமுணுத்தாள்.

மஞ்சக்குட்டை ஊர்ப் பக்கமிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது.

"பனி மூடிட்டா இந்த சீனே கிடையாது" என்றார் டைரக்டர். "நாளைக்கு ஊருக்குக் கிளம்பறோம். அப்புறம் உனக்குப் படத்துல ஒரு பாட்டுதான் மிச்சம்."

"தெரியும் சார்." சௌமியா பொறுக்கிய பழங்களைச் சாக்கில் போட்டாள். "ஆனா அவ தோட்டத்துல வேலை செய்யறவ. காதல் வந்தா மட்டும் பழத்தைச் சிந்திட்டு சும்மா நிப்பாளா? அந்த நேரத்துல அவ என்ன நினைப்பா சார்?"

"ஹீரோவை நினைப்பா."

"மத்த நேரத்துல?"

டைரக்டர் பனியைப் பார்த்தார். "ஒரே ஒரு தடவை. உன் இஷ்டப்படியே பண்ணித் தொலை."

சௌமியா எறிந்தாள். சிரித்தாள். ஹீரோ போய்விட்டார். இடுப்பில் கையை ஊன்றிக் குனிந்து, இலைகளை விலக்கி, ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டாள். நிமிரும்போது லேசாக முகம் சுளித்தாள். அவர் போன பாதையை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

'கட்' சொல்ல மறந்து நின்றார் தேவசிகாமணி. பனி வந்து செடிகளை மூடியது.

"இந்தப் பொண்ணுக்குக் கதையில என்னய்யா பேரு?" என்று மெல்லக் கேட்டார்.

உதவியாளர் தலையைச் சொறிந்தார். "பேர் வைக்கல சார். 'பொண்ணு'ன்னுதான் எழுதியிருக்கோம்."

"நான் வச்சுட்டேன் சார்" என்றாள் சௌமியா. எஸ்டேட் பெண்கள் நின்ற பக்கம் திரும்பிக் கூச்சத்தோடு சிரித்தாள்.

"அமுதவல்லி."