பனங்காடை அழிச்ச பேரு

"ஏனம்மணி, அடுத்தவ பேரு மேல உனக்கு என்ன அத்தனை காந்தல்?"

திருமலைசாமி டீ கிளாஸை டொக்குன்னு வெச்சாரு. சிங்காநல்லூர் பேக்கரியில பக்கத்து டேபிள்காரங்க திரும்பிப் பார்த்தாங்க.

எதுக்கால உட்கார்ந்திருந்த காலேஜ் பொண்ணு அசரல. தேங்காய் பன்னைப் பிச்சு வாயில போட்டுக்கிட்டா.

"காந்தல் எல்லாம் இல்லீங்க. தப்பா இருந்துச்சு, அழிச்சேன். நீங்க திருப்பிப் போட்டீங்க, மறுக்கா அழிச்சேன். இனியும் போடுங்க, இனியும் அழிப்பேன்."

இணையத்துல யாரு வேணா எழுதலாம், யாரு வேணா திருத்தலாம்னு ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியம். அதுல எழுதற கோயமுத்தூர்க்காரங்க மாசம் ஒருக்கா இந்தப் பேக்கரியில கூடுவாங்க. திருமலைசாமிதான் அதுல மூத்தவரு. இந்தப் பொண்ணு இன்னைக்குத்தான் முதல்முதலா வந்திருக்கா. எழுதறது 'பனங்காடை'ங்கிற புனைபேர்ல. நெஜப்பேரு கேட்கறது அங்க வழக்கம் இல்ல.

சண்டை ஒரே வரிக்குத்தான். 'யானைத்தடம்'னு பாகம் பாகமா வந்த வீடியோ கேம், கோயமுத்தூர் காலேஜ்ல செஞ்சது. அந்தக் கட்டுரையில 'உருவாக்கியவர்: சாய்ப்ரியா'ன்னு திருமலைசாமி எழுதியிருந்தாரு. பனங்காடை சாய்ப்ரியாவை அழிச்சுபோட்டு, பொற்கொடின்னு எழுதினா.

"பேப்பர்லயே வந்திருக்குது கண்ணு." போனை நீட்டினாரு. "கேம் உருவாக்கிய மாணவி சாய்ப்ரியாவுக்கு விருது. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

"பொற்கொடிக்குப் பதிலா மேடை ஏறினவ சாய்ப்ரியா. கேமைச் செஞ்சவ பொற்கொடி. அவ அன்னைக்கு டைபாய்டு வந்து உடுமலைப்பேட்டை ஆஸ்பத்திரியில கெடந்தா. நிருபர் ஒரு வார்த்தை கேட்கல. கப்பு யாரு கையில இருந்துச்சோ அவ பேரை எழுதிட்டுப் போயிட்டாரு. திருத்தச் சொல்லி பேப்பருக்கு எழுதியாச்சுங்க, பதிலே இல்ல."

"நீ அந்த சாய்ப்ரியா மொகத்தையாச்சும் பார்த்திருக்கியா?"

"அந்தப் பேப்பர்லயே போட்டோ இருக்குதே, நீங்க பார்த்தீங்களா?"

பெருசாக்கிப் பார்த்தாரு. நாலு பெரிய மனுசங்க பல்லைக் காட்டிட்டு நின்னாங்க. பொண்ணு மூஞ்சியைக் கப்பு மறைச்சிருந்துச்சு.

கூட எழுதற சமீரா நடுவுல வந்தா. "கேம் முடிவுல பேரு ஓடுமே, அதுல என்ன இருக்குது?"

"எல்லாப் பாகத்துலயும் பொற்கொடிதானுங்க்கா."

"அது அவங்களே போட்டுக்கறது," திருமலைசாமி கையை ஆட்டினாரு. "சம்பந்தப்பட்டவங்க சொல்றது ஆதாரம் ஆகாது. வெளியாளு எழுதோணும். அதான் விதி."

"அப்ப சார் கேமை ஆடிப் பார்க்கவே இல்லீங்களா?"

"எனக்கெதுக்கு அந்தக் கருமம்?"

"அதானே பார்த்தேன். கட்டுரையில நாலு பாகம்னு எழுதியிருக்கறீங்க. வந்தது மூணுதானுங்க. நாலாவதை எந்தக் கடையில வாங்கினீங்க?"

சமீராவுக்கு டீ பொரையேறிடுச்சு.

திருமலைசாமிக்குக் காது சிவந்துபோச்சு. அவசர அவசரமா போனைத் தேச்சாரு. "இந்தா, இன்னொரு பத்திரிகை! இவனும் நாலுன்னுதான் போட்டிருக்கான். சாய்ப்ரியான்னுதான் போட்டிருக்கான். ரெண்டு ஆதாரம் ஆச்சா?"

"தேதியைப் பாருங்க சார். உங்க கட்டுரைக்கு அப்புறம் வந்தது. உங்களைப் பார்த்து அவங்க எழுதுவாங்களாம், அவங்களைக் காட்டி நீங்க ஆதாரம்னு சொல்லுவீங்களாம். இல்லாத நாலாவது பாகம் வேற எங்கிருந்துங்க அங்க போச்சு?"

திருமலைசாமி தேதியைப் பார்த்தாரு. போனைக் கவுத்து வெச்சாரு.

"சரி, ஒரு வரிதானே சார், விட்டுருங்களேன்," சமீரா சொன்னா.

"ஒரு வரிதானுங்க்கா. பொற்கொடி ஒரு கேம் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனா. அவங்க நம்ம கட்டுரையைத் தொறந்து காட்டி, அடுத்தவ வேலையை உன்றதுன்னு சொல்றியான்னு கேட்டாங்க. திங்கக்கெழமைக்குள்ள இது மாறலீன்னா வேலை போச்சு. பொய்க்காரிங்கிற பேரு மட்டும் மிச்சம்."

பொண்ணு மிச்ச பன்னைத் தட்டோட தள்ளிவெச்சா.

திருமலைசாமிக்கு விளங்கிப்போச்சு. சிநேகிதிக்கு வேலை வாங்கித்தர இன்னொருத்தி பேரைக் கெடுக்கறா. பொறாமை இல்லாம வேற என்ன?

"இதபாரு அம்மணி. சாய்ப்ரியா இங்க மில்லுக்கார ஊட்டுப் பொண்ணாம். அவளுக்குப் பொய் சொல்லிப் பேரு வாங்கோணும்னு என்ன தலையெழுத்து?"

"ஓ. பொற்கொடி மாதிரி தோட்ட வேலைக்குப் போறவங்க ஊட்டுப் பொண்ணுன்னா கேம் செய்யமாட்டாங்களா?"

"நான் அப்படிச் சொல்லல!"

"சொல்லலீங்க. எழுதினீங்க."

பேக்கரியில மிக்சர் பொட்டலம் கட்டறவரு கூட கையை நிறுத்திட்டாரு.

சமீரா மெதுவாக் கேட்டா, "சார், அந்த சாய்ப்ரியாவே வந்து, இது என்றது இல்லைன்னு சொன்னா?"

திருமலைசாமி சிரிச்சுபோட்டாரு. "வந்த பேரை எவம்மா வேண்டாம்பா? அப்படி ஒருத்தி இந்தக் கோயமுத்தூர்ல இருந்தா வரச்சொல்லு. விதியாவது மண்ணாவது, என்ற கையாலயே அழிச்சுபோடறேன்."

பனங்காடை கையில ஒட்டின பன் தூளைத் தட்டினா. பையைத் தொறந்து காலேஜ் அடையாள அட்டையை எடுத்து அவரு போன் மேல வெச்சா.

திருமலைசாமி கண்ணாடியை ஏத்திவிட்டுப் படிச்சாரு. அட்டையில இருந்த மொகத்தைப் பார்த்தாரு. எதுக்கால இருந்த மொகத்தைப் பார்த்தாரு.

"சாய்ப்ரியா வந்தாச்சுங்க. அழிங்க."