முதல் அரிவாள்

"நாளைக்கு முதல் அரிவாள் நான்தான் போடுவேன்."

மாலை ஜெபம் முடிந்த கையோடு உபதேசியார் ரெத்தினம் இப்படிச் சொன்னதும், கோயிலில் இருந்த அத்தனை பேரும் ஐயாவுவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஐயாவு எழுந்துவிட்டார்.

"என்னங்கய்யா சொல்றீங்க? நம்ம தெருவுல யாரு வயல்ல அறுப்புன்னாலும் முதல் அரிவாள் எங்க வீடுதான். எங்கப்பா போட்டாரு, அவங்கப்பா போட்டாரு. நாங்க கிறிஸ்து வேதத்துக்கு வந்த பிறகும் அது மாறலையே."

"தெரியும் அண்ணே. இந்த அறுப்புக்கு மட்டும் நான்."

"அப்ப நான்?"

"எனக்குப் பின்னாடி இறங்குங்க. நான் ஒரு பிடி அறுத்துத் தூக்கிக் காட்டற வரைக்கும் யாரும் வயல்ல கால் வைக்கக் கூடாது. எல்லாரும் வரப்புல நின்னு பாக்கணும்."

வேறு எந்த அறுப்பாக இருந்தாலும் ஐயாவு பொறுத்துப் போயிருப்பார். போன தை மாசம், இவர்கள் நட்டுக் களை பறித்த சம்பாவைப் பண்ணையார் சிங்காரவேலு வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்துக்கொண்டு போய்விட்டார். வருஷம் முழுக்கத் தெருவே அரை வயிறு. கழக ஆட்சியில் வந்த சட்டத்தைச் சொல்லி, தாசில்தார் ஆபீசுக்கு நடையாய் நடந்து, இப்போதுதான் குத்தகைப் பதிவில் ஐயாவு பேரும் மற்றக் குடிகளின் பேரும் ஏறியிருந்தன. இந்த வெள்ளாமை வீடு வந்தால்தான் அடுப்பு எரியும்.

கூடவே நடந்தவர் உபதேசியார். அதை ஐயாவு மறக்கவில்லை. அதற்காக இப்படியா?

வீட்டில் அம்சம் புருஷனுக்குச் சோறு போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஏறி நின்னா தாழ்மை, தாழ்மைன்னு தொண்டை கிழியப் பேசுறாரு. அறுப்புன்னதும் முன்னாடி வந்து நிக்கிறாரு. மகிமை ஆண்டவருக்கு, மாலை மட்டும் அவருக்கு!"

"சும்மா இரு."

"எலெக்ஷன்ல நிக்கப் போறாரோ என்னவோ!"

ஐயாவு பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டார்.

மறுநாள் பனி விலகுமுன் தெருவே வரப்பில் நின்றது. உபதேசியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார். அவர் அரிவாளைப் பிடித்த லட்சணத்தைப் பார்த்துப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஐயா, அது பேனா இல்லீங்க! விரலைப் பாத்து!" என்றது ஒரு குரல்.

ஒருவழியாக ஒரு பிடி கதிர் கையில் வந்தது. உயரத் தூக்கிப் பிடித்தார். ரோட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு வேவு பார்த்துக்கொண்டிருந்த பண்ணைக் காரியக்காரரைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"நல்லாப் பாத்துக்குங்க! முதல் அரிவாள் போட்டது ரெத்தினம்! யாரு கேட்டாலும் சொல்லுங்க!"

ஐயாவுவுக்கு உடம்பு கூசியது.

"தம்பட்டம் ஒண்ணுதான் பாக்கி" என்று முணுமுணுத்தாள் அம்சம்.

உபதேசியார் வரப்பேறி வந்து கதிரை ஐயாவுவிடம் நீட்டினார். "ஞாயித்துக்கிழமை இதை நீங்கதான் பீடத்துல வைக்கணும்."

ஐயாவு அவர் முகத்தைப் பார்க்காமலே வாங்கி மனைவியிடம் கொடுத்துவிட்டு, விடுவிடுவென்று வயலில் இறங்கினார்.

அப்புறம் யாருக்கு யாரைப் பற்றி நினைக்க நேரம்? அறுக்க ஒரு கூட்டம், கட்டுத் தூக்க ஒரு கூட்டம், களத்தில் அடிக்க ஒரு கூட்டம். பாட்டும் சிரிப்பும் அடுத்த ஊர் வரைக்கும் கேட்டன. பண்ணைக்குச் சேர வேண்டிய குத்தகை நெல்லை முறையாக அளந்து தனியே குவித்தார்கள். மிச்சமெல்லாம் மூட்டை மூட்டையாக வீடுகளுக்குப் போனது. பொழுது சாயும்போது கடைசி மூட்டையை ஐயாவுவே தோளில் சுமந்து போய்த் தன் வீட்டில் இறக்கினார். மூட்டையைத் தொட்டுப் பார்த்த அம்சத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் நீடாமங்கலம் ரோட்டிலிருந்து போலீஸ் ஜீப் களத்துப் பக்கம் திரும்பியது. இருவரும் ஓடினார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் இறங்கினார். "முதல்ல இறங்கி அறுத்தது யாரு?"

"நான்தான் சார்." உபதேசியாரின் தோளில் ஒரு துணிப்பை தயாராகத் தொங்கியது. "இத்தனை பேர் பாத்தாங்க. காரியக்காரரும் பாத்தாரு."

"அவரும் அதைத்தான் சொன்னாரு. ஏறுங்க. பண்ணையார் புகார் கொடுத்திருக்காரு."

தெரு கொதித்துப் போனது. ஐயாவு பாய்ந்து ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எங்க வயலை நாங்க அறுத்தோம்! ஐயாவை எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?"

உபதேசியார் பின்சீட்டில் உட்கார்ந்தபடி கேட்டார். "அண்ணே, நெல்லெல்லாம் வீடு போய்ச் சேந்துச்சா?"

"சேந்துடுச்சுங்கய்யா..."

"அது போதும். ஞாயித்துக்கிழமை ஆராதனையை நிறுத்தாதீங்க. வெள்ளாமையை வீடு சேத்தவர் ஆண்டவர். அவருக்கு ஸ்தோத்திரம் பாடுங்க. என் பேரை அங்க இழுக்காதீங்க."

அம்சம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சப்-இன்ஸ்பெக்டர் அவளையும் திகைத்து நிற்கிற கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன உபதேசியாரே, இவங்களுக்கு விஷயமே தெரியாதா? முதல் அரிவாள் போடுற ஒரு ஆள் மேல மட்டும்தான் கேஸ், மத்தவங்களைத் தொட மாட்டேன்னு நேத்து ஸ்டேஷன்ல உங்ககிட்டச் சொல்லி அனுப்பினேனே. ஊர்ல சொல்லலையா?"

உபதேசியார் ஐயாவுவின் விரல்களைக் கம்பியிலிருந்து மெல்ல விலக்கினார்.

"சொல்லியிருந்தா ஐயாவு அண்ணன் எனக்கு விட்டுக் கொடுத்திருக்க மாட்டாரு சார்."