தொப்பி போட்ட ஆமை

"அந்த ஆமைப் படம் எனக்கு வேணும் மேடம். அதுக்குப் பதிலா கார் இவருக்கே இருக்கட்டும்."

வக்கீலம்மா நிமிர்ந்தார். விவாகரத்துக்கு வந்திருந்த இந்த ஜோடியின்மேல் அவருக்கு முதல் நாளிலிருந்தே ஒரு மரியாதை. மிக்ஸிக்கும் மெத்தைக்கும் அடித்துக்கொள்பவர்களைப் பார்த்தே சலித்துப்போனவர் அவர். இவர்களோ குரலை உயர்த்தியதே இல்லை.

"எல்லாம் சரிபாதி. அதுக்கு மேல இவர் தானமா எது குடுத்தாலும் வாங்க மாட்டேன்" என்று அன்றே சொல்லிவிட்டாள் மனைவி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். லிப்ட் மெக்கானிக்கான கணவனும் அதையே சொன்னான். ரோஷத்தில் மட்டும் நல்ல பொருத்தம்.

இப்போது போய் ஒரு ஆமை.

"அது என்ன படம்?"

"தொப்பி போட்ட ஆமை மேடம். கம்ப்யூட்டர்ல மட்டும் பார்க்கற டிஜிட்டல் படம். கல்யாணமான புதுசுல ரெண்டு பேரும் சேர்ந்து இன்டர்நெட்ல வாங்கினோம்," என்றான் கணவன். "யார் வேணா காப்பி எடுத்துக்கலாம். ஆனா ஒரிஜினலுக்கு ஓனர் நாங்கதான். அது எனக்கு வேணும். வீட்டுல என் பங்கை இவளே எடுத்துக்கட்டும்."

"வீட்டைக் குடுத்துட்டு நீங்க எங்க தங்குவீங்க?"

"ஒர்க்‌ஷாப் மாடியில ஒரு ரூம் இருக்கு."

"மழை வந்தா ஒழுகும். நல்ல யோசனைதான்," என்றாள் மனைவி ஜன்னலைப் பார்த்தபடி. "மேடம், என் பங்கை இவர் பேருக்கு எழுதிடுங்க. எனக்குப் படம் போதும். நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன்."

"அண்ணிகிட்ட நாலு நாள் தாங்க மாட்டா," என்றான் அவன் மேஜையிடம். "வீடு, கார் ரெண்டும் இவளுக்கு. படம் எனக்கு."

வக்கீலம்மாவுக்குத் தலை சுற்றியது. நாலும் தெரிந்தவர்கள், ஒரு ஆமைக்காக வீட்டையே தூக்கிக் கொடுக்கிறார்களே, புத்தி எங்கே போயிற்று? ஆனாலும் ஒரு பொருள்மேல் இப்படியும் ஒரு பிரியமா என்று வியக்காமல் இருக்க முடியவில்லை.

"இருங்க, அதோட மதிப்பு என்னன்னு பார்த்துடலாம்."

கம்ப்யூட்டரில் தேடினார். முகம் மாறியது. எப்படிச் சொல்வது என்று தயங்கினார்.

"மன்னிக்கணும். அதை வித்த கம்பெனியை மூடி ஒரு வருஷம் ஆச்சு. படத்தையும் அழிச்சுட்டாங்க. இல்லாத ஒண்ணுக்குத்தான் ரெண்டு பேரும் வீட்டை விட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கீங்க."

"தெரியும் மேடம்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். சொன்ன பிறகுதான் திரும்பி ஒருவரையொருவர் பார்த்தார்கள்.