பெறப்பட்ட தேதி

விசாலாக்ஷி அந்த இங்கிலீஷ் சஞ்சிகையை என் முன்னால் விரித்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள்.

கட்டுரை வந்து சேர்ந்த தேதி: 1966, மே 9.

"நான் பிப்ரவரியிலயே அனுப்பிட்டேனேப்பா. அதே கணக்கு. அதே விடை."

என் மகள் பம்பாயில், கொலாபாவில் ஆராய்ச்சி செய்கிறாள். வானத்தில் ரேடியோ அலைகளை வீசும் விண்மீன் கூட்டங்கள் உண்டாம். அங்கே எலக்ட்ரான்கள் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் பாய்கின்றன. சாதாரண வெளிச்சம் அவற்றின் மேல் மோதினால் எக்ஸ் கதிராகத் தெறிக்கும். ஓடிவரும் லோக்கல் ரயில் மேல் பந்தை எறிந்தால் எறிந்ததைவிட வேகமாகத் திரும்புமே, அப்படி என்று எனக்குச் சொல்லியிருந்தாள்.

எவ்வளவு தெறிக்கும் என்பதுதான் அவள் கணக்கு. இரண்டு வருஷ உழைப்பு.

இனி அது யாரோ இரண்டு வெள்ளைக்காரர்களுடையது.

சஞ்சிகைக்குத் தந்தி கொடுத்துக் கேட்டிருக்கிறாள். அப்படி ஒரு கட்டுரை வரவேயில்லை என்று பதில்.

நான் முப்பத்தோரு வருஷம் பதிவுத் தபால் பிரிவில் இருந்தவன். என் கையில் ஒரு கடிதம் தொலைந்ததில்லை. அதனால்தான் பிப்ரவரியில் கட்டுரை உறையை அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தாள்.

புகார் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்ப்பா. பாவம், யாரோ ஒரு கிளார்க் மறந்திருப்பார். அவரோட வேலை போயிடும்."

முகம் கழுவப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கொடுத்த கட்டுரையின் தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று அவளுடையது. மற்றது வெங்கடேஸ்வரன். உடன் வேலை செய்பவர், கல்யாணமாகாதவர்.

எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணின் பெயரும் ஓர் ஆணின் பெயரும் சேர்ந்து அச்சாவது கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான்.

அப்போது செம்பூரிலிருந்து அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நிச்சயம் ஆகட்டும், பிறகு அனுப்பலாம் என்று உறையை என் டிரங்குப் பெட்டியில், வேஷ்டிகளுக்கு அடியில் வைத்தேன்.

சித்திரை பிறந்ததும் அவர்கள் வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள்.

மறுநாளே உறையை எடுத்துக்கொண்டு மாட்டுங்கா தபாலாபீஸ் வரை போனேன். வரிசையில்கூட நின்றேன். எனக்கு முன்னால் ஒரே ஒருவர்.

ரசீதில் அன்றைய தேதிதான் விழும், பிப்ரவரி விழாது.

திரும்பி வந்துவிட்டேன்.