ஒன்றை அழுத்தவும்

தலையில் நுரையோடு அவன் வெளியே வந்தபோது, மனைவியின் விரல் அவனுடைய போனில் ஒன்று என்ற எண்ணின் மேல் இருந்தது.

வெந்நீர் போதவில்லை என்று சொல்ல வந்தவன்.

பதிவுக்குரல் நன்றி சொல்லி அடங்கியது. அழைப்பு வந்த சுவட்டையும் அவள் அழித்தாள். பழகிய விரல்.

திரையில் இட்லி மாவு. அந்த ஓர் இடத்தில் தினமும் பொருக்காகக் காய்ந்திருக்கும். நகத்தால் சுரண்டி எறிவான். ஏன் அங்கேயே ஒட்டுகிறது என்று யோசித்ததில்லை.

புளித்த வாடை.

ஏற்பாடு எளியது. ராணுவ மருத்துவமனையின் மனநலப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைக் காலையில் ஓர் இயந்திரம் அழைக்கும். நலமென்றால் ஒன்று. சாகத் தோன்றினால் இரண்டு. ஒன்றை அழுத்தினால் இயந்திரம் அடுத்தவனிடம் போய்விடும். இரண்டை அழுத்தினால் பக்கத்து முகாமிலிருந்து ஜீப் வரும்.

எதையும் அழுத்தாதவனை ஒரு மனுஷி கூப்பிடுவாள்.

அவன் இருந்த எல்லைச் சாவடியிலும் இதே கணக்கு. மணிக்கொரு தரம் வயர்லெஸ்ஸில் ‘எல்லாம் நலம்’ சொல்ல வேண்டும். சொல்பவனை யாரும் தேடுவதில்லை. சத்தம் வராத சாவடிக்குத்தான் பனியில் ஆள் ஏறி வரும்.

அப்படிக் கூப்பிடும் பெண், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதே இல்லை. அவனுடைய ராணுவப் பதவியைச் சொல்லித்தான் தொடங்குவாள்.

“நாயக் சார், இன்னைக்கு என்ன குழம்பு?”

குழம்பில் தொடங்கும். அவன் யாரிடமும் சொல்லாததில் போய் நிற்கும்.

பிறகு, அவன் அறிய இயந்திரமும் அழைக்கவில்லை; அவள் கூப்பிடுவதும் நின்றது. அவளுக்கும் தன்னைச் சலித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டான். அந்த நினைப்போடு படுத்தான், எழுந்தான். எழாமலே இருந்துவிடலாம் என்றும் தோன்றத் தொடங்கியிருந்தது.

சரியாக அழைப்பு வரும் நேரத்துக்கு மனைவி வெந்நீர் விளாவி வைப்பாள்.

அதை அன்பு என்று நினைத்திருந்தான்.

“நல்லதைத்தானேங்க அமுக்கினேன்” என்றாள். “உங்க தங்கச்சியைப் பொண்ணு பாக்க வர்றாங்க. அன்னைக்கு நீங்க ரெண்டை அமுக்கினப்ப மாதிரி வாசல்ல ஜீப் வந்து நின்னா, தெருவே கூடிடுமே.”

அவள் பயம் அவனுக்குப் புரிந்தது.

நுரை கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்காமல் நின்றான்.

மறுநாள் காலை.

“ஏங்க, தண்ணி ஆறுது.”

அவன் எழவில்லை. மடியில் போன் அடித்தது. எடுத்தான்.

ஒன்று என்றது குரல். இரண்டு என்றது. இன்னொரு முறை சொல்லிப் பார்த்தது. துண்டித்துக்கொண்டது.

அவள் கை அவனை நோக்கி நீண்டு, பாதியில் நின்றது. விரலில் மாவு.

வேட்டி நுனியால் அவன் திரையைத் துடைத்தான்.

நேற்றிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தை பேசாதவன், அடுப்பைப் பார்த்துக் கேட்டான்.

“இன்னைக்கு என்ன குழம்பு?”