மாமா துவைத்த துணி

"மாமனாரையா குழந்தையோட நாப்கினை அலச விடறே? உனக்கே இது நல்லாயிருக்கா?"

டீயை உறிஞ்சிக்கொண்டே பக்கத்து சீட் அக்கா கேட்டதும் அவளுக்குச் சுருக்கென்றது.

"நான் எங்கேக்கா விட்டேன்? அவரே கேட்டு வாங்கிக்கிட்ட வேலை. பிரசவத்துக்கு வேலையை விட்டவளை மறுபடியும் சேரச் சொன்னதும் அவர்தான். குழந்தையை நான் பார்த்துக்கறேன்னுட்டார். டயப்பர் போட்டுப் போட்டுக் குழந்தைக்குத் தொடையெல்லாம் சிவந்து போச்சு. இனிமே துணிதான்னேன். 'நீ நிம்மதியா ஆபீஸ் போம்மா, துவைக்கறது என் பொறுப்பு'ன்னார்."

"இப்ப எப்படி இருக்கு?"

"சுத்தமா ஆறிடுச்சு. துணின்னா துணிதான்க்கா! உங்க அக்கா பேத்திக்கும் துணியே கட்டச் சொல்லுங்க. வெந்நீர்ல அலசணும், வெயில்ல காயப் போடணும்..."

ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். அந்த இன்சூரன்ஸ் ஆபீசில் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் அவள் எதிரில் டயப்பர் பேச்சையே எடுப்பதில்லை.

மத்தியானம் சர்வர் படுத்துவிட்டது.

"இன்னிக்கு எழுந்திருக்காது. எல்லாரும் கிளம்புங்க" என்றார் மேனேஜர்.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். முன்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. குழந்தை தூங்கினால் எழுப்பிவிடக் கூடாதே என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கொல்லைப்புறக் கதவருகே பாய் விரித்து, குழந்தை குப்புறக் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. இடுப்பில் டயப்பர்!

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மாமா இவள் பக்கம் முதுகைக் காட்டி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையில் அவள் மடித்து வைத்துவிட்டுப் போன நாப்கின்கள், மடிப்புக்கூடக் கலையாமல் அவர் பக்கத்தில் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்தார். வாளித் தண்ணீரில் ஒரு முக்கு. பிழியாமல் கொள்ளாமல், சொட்டச் சொட்ட அப்படியே கொடியில் போட்டார்.

"உங்கம்மா கேட்டா என்ன சொல்வே, குண்டு? தாத்தா துவைச்சுப் போட்டார்னு சொல்லணும். டயப்பர் விஷயத்துல வாயைத் திறக்கப்படாது. என்ன?"

குண்டு பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

அவர் மேலும் ஏதோ பேசிக்கொண்டே போனார். அவள் அசையாமல் நின்று கேட்டாள். பிறகு, கையில் பிடித்த செருப்போடு வந்த வழியே திரும்பிவிட்டாள்.

வழக்கமாக வீடு திரும்பும் நேரம்வரை பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நின்ற பஸ்களின் கண்டக்டர்கள் "ஏறலையாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது கணவன் வந்திருந்தான். கொடி நிறைய நாப்கின்.

"மாமா, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."

குழந்தையை மடியில் வைத்திருந்த மாமாவின் முகம் ஒரு கணம் வெளிறியது.

"சொல்லும்மா."

"குழந்தை டாக்டர்கிட்ட இன்னிக்குப் பேசினேன். இனிமே துணி வேண்டாமாம். டயப்பரே போடலாமாம். நனைஞ்சதும் மாத்திட்டா போதும்னார்."

"டாக்டரே சொன்னாரா?"

"அவரேதான்."

"ஹூம்... எனக்கென்னவோ துணிதான் நல்லதுன்னு படுது. துவைக்கறதுல எனக்கு ஒரு சிரமமும் இல்லைம்மா."

"தெரியும் மாமா. ஆனா டாக்டர் சொன்னா கேட்கணும் இல்லையா?"

"அதுவும் வாஸ்தவம்தான்" என்றவர் குழந்தையை மடியில் குலுக்கிக் குலுக்கி, மெட்டே இல்லாத ஒரு பாட்டை ஆரம்பித்தார்.

சமையலறைக்குக் கணவன் பின்னாலேயே வந்தான்.

"ஊருக்கெல்லாம் துணி, துணின்னு உபதேசம் பண்ணினே. ஒரே நாள்ல கட்சி மாறிட்டியே? அதுவும் டாக்டர் வெளியூர் போயிருக்கார்னு நேத்து நீதானே சொன்னே?"

"டாக்டர்கிட்ட நான் பேசவே இல்லீங்க."

தணிந்த குரலில் மத்தியானம் பார்த்ததைச் சொன்னாள். அவன் முகம் சிவந்துவிட்டது.

"நல்ல துணியை நனைச்சுப் போட்டு நம்மளை ஏமாத்திட்டிருக்காரா? பெரிய மனுஷன் செய்யற காரியமா இது? இரு, இப்பவே கேக்கறேன்."

அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"குழந்தைக்கு ஆறினது துணியால இல்லீங்க. ஒரு நிமிஷம் ஈரத்துல விடாம அவர் மாத்தி மாத்திவிட்டதால. அப்புறம், அவர் அதுகிட்டப் பேசினதை நீங்க முழுசாக் கேட்கணும்."

"அப்படி என்ன சொன்னார்?"

"'தாத்தா கையில முன்ன மாதிரி பிடி இல்லை குண்டு, ஒரு துணியைக்கூட முறுக்கிப் பிழிய முடியலை. இது மட்டும் தெரிஞ்சுது, உங்கம்மா மறுபடியும் வேலையை விட்டுட்டு வீட்டுல உட்கார்ந்துடுவா'ன்னார்."