பேரிக்காய் மசியல்

“ஓடி வாங்க! புள்ள முக்கி முக்கி மூஞ்சியெல்லாம் செவந்துபோச்சு!”

காப்பகத்து அக்கா பயிற்சி வகுப்பின் வாசலிலேயே நின்று கத்தினாள். தையல் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்துக்கு அவள் வேலைக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் ஊரான் பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு இரண்டு மாடி ஏறி வருகிறாளே, இந்தக் காலத்தில் யார் செய்வார்கள்!

குழந்தையின் அம்மாவான தையல்காரி நோட்டை மூடிவைத்தாள். எழுந்தாள்.

“முந்தாநாளும் பாதியில போனீங்க,” என்றார் பயிற்சி கொடுப்பவர். “இன்னிக்கும் போனா பேரை அடிச்சிடுவேன். அப்புறம் இந்த வெட்டுப் பிரிவுப் பொண்ணுதான் சூப்பர்வைசர். என்மேல வருத்தப்படக் கூடாது.”

முன் வரிசையில் வெட்டுப் பிரிவுப் பெண் தலையே நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

சூப்பர்வைசர் ஆகிவிட்டால் நைட் ஷிப்ட் கிடையாது. ஏழு மாதக் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட வேண்டாம், தன் பக்கத்திலேயே போட்டுத் தூங்கலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் பெற்ற வயிறு கேட்குமா? போய்விட்டாள்.

காப்பகத்தில் குழந்தையைப் பாயில் கிடத்தி, இரண்டு காலையும் சைக்கிள் மிதிக்கிற மாதிரி மடக்கி மடக்கி நீட்டினாள். வயிற்றை வட்டமாகத் தடவினாள். அரைமணி நேரம் கதறிய பிறகு கூழாங்கல்லாக இரண்டு உருண்டை விழுந்தது. துடைத்த துணியில் ரத்தம்.

“என் ராசா, நீ என்னடா பாவம் பண்ணின?” அவளும் சேர்ந்து அழுதாள். தண்ணீர் போதவில்லையோ, மசித்தது கெட்டியோ என்று தன்னையே குடைந்துகொண்டாள். “தெனமும் பேரிக்காயை வேகவச்சு மசிச்சுத்தானேக்கா குடுத்துவிடறேன்?”

“டப்பாவைப் பாருங்க, ஒரு துளி மிச்சம் இருக்கா? பால் மட்டும் குடிச்ச வயிறு. சோறு, கூழுன்னு ஆரம்பிச்சா சில புள்ளைங்களுக்கு இப்படித்தான் இறுகும்.”

“ஞாயித்துக்கிழமை வீட்ல நல்லாத்தானே போனான்?”

“அம்மா பக்கத்துல இருந்தா எந்தப் புள்ளைக்கும் எல்லாம் இளகும்.” அக்கா சிரித்தபடி தன் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

கூடப் பிறந்தவள்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள். தையல்காரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பதவி போனால் போகட்டும், பிள்ளைக்கு ஒரு நல்ல கை கிடைத்திருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அழுது ஓய்ந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, துணியை அலசத் தடுப்புக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனாள்.

கதவு படாரென்று திறந்தது. மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தது வெட்டுப் பிரிவுப் பெண். காப்பகத்து அக்கா வாயில் விரலை வைப்பதற்குள், ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

“சூப்பர்வைசர் நான்தாம்மா! போதும், இனிமே அந்தப் புள்ளைக்கு அவங்கம்மா குடுத்துவிடறதையே ஊட்டு!”